கயிறில்லாக் கப்பலும் கப்பலில்லாக் கயிறும்

1949-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தியாகராய நகரில் திறந்துவைக்கப்பட்ட கைவினைப் பொருட்காட்சியில், ஒரே கப்பலை இரண்டாக்கி இரண்டு கொட்டகைகளில் வைத்திருக்கிறார்கள். மரவேலைக் கொட்டகையில் அதன் உடல் நிற்கிறது. பெண்கள் கொட்டகையில் அதன் கயிறும் பாயும் நிற்கின்றன. கப்பலைச் செய்தவர்கள் இருவர். இருவர் பெயரையும் ஒரே சீட்டில் எழுத முடியாது என்று பொருட்காட்சிக் குழு சொன்னதால் வந்த அலங்கோலம் இது. இது அநியாயம். அநியாயம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் போதாது. எப்படி நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாந்தோமில், கடற்காற்று வாசற்கதவை ஓயாமல் ஆட்டிப் பார்க்கும் ஒரு சந்தில், மர்சலினும் அவளுடைய அண்ணன் அகஸ்டினும் குடியிருக்கிறார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளாதவர்கள். அகஸ்டின் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ண வேண்டியவன், பாதி நேரம் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்று மேலதிகாரியிடம் வசவு வாங்குகிறவன். யுத்தத்தின்போது அவன் கைக்கு ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை வந்தது. அதில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பீரங்கிகளோடு கடலில் திரிந்த பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் அளவுப்படம் இருந்தது. உடைந்த சரக்குப் பெட்டிகளின் தேக்குப் பலகைகளைக் கேட்டு வாங்கி, மூன்று முழ நீளத்தில் அந்தக் கப்பலைக் கட்டத் தொடங்கினான். விலாக்கட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்தான். அவற்றின்மேல் மெல்லிய பலகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினான். பித்தளைக் கம்பியைத் துண்டுபோட்டுக் குடைந்து பீரங்கிகள் செய்தான். குறை சொல்ல முடியாத வேலை.

யுத்தம் முடிந்தது. நாடு விடுதலை பெற்றது. கப்பல் மட்டும் மூன்று மொட்டைப் பாய்மரங்களோடு கூடத்து மேசைமேல் நின்றது. கயிறு கட்ட அகஸ்டினுக்கு வரவில்லை. ஒரு முடிச்சுப் போடுவதற்குள் முந்திய முடிச்சு அவிழும். அதைப் பிடிக்கப் போனால் பாய் தொங்கும் குறுக்குக்கட்டை முறியும். அவன் விரல்கள் சாக்குமூட்டைக்குப் பழகியவை.

மர்சலின் விரல்கள் வேறு இனம். மயிலாப்பூரில் ஒரு கன்னிமார் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் லேஸ் பின்னல் ஆசிரியை. அந்த விரல்களால் சும்மா இருக்க முடியாது. டிராமில் உட்கார்ந்தால் முந்தானை நுனியை முடிச்சிடும். பூசையில் முழங்காலிட்டால் ஜெபமாலையை மூன்றாக மடித்துப் பின்னும். எதிரே ஒரு கப்பல் மொட்டையாக நிற்பதை அவை எத்தனை நாள் பொறுக்கும்? கோடை விடுமுறையில் ஒருநாள் அவள் வாய் திறந்தாள்.

"அண்ணே, இதை இப்படியே வெச்சிருந்தா ஈரத்துணி காயப்போடத்தான் உதவும்."

"தொட்டுடாதே பாப்பா. அது போர்க்கப்பல்."

"போர்க்கப்பலா? வந்த நாள்லேருந்து கையைத் தூக்கிச் சரணடைஞ்சு நிக்குதே! கயிறு நான் கட்டறேன். பாயும் தெச்சுத் தரேன். ஆனா எங்கேயாவது காட்சிக்கு வெச்சா, என் பேரும் சேர்ந்து இருக்கணும்."

"போடாம? ரெண்டு பேரும் செஞ்சதுதானே," என்றான் அகஸ்டின், வாயில் இட்டலியோடு.

அவன் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். அவள் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டாள். காரணம் இருந்தது. அவள் பின்னிய பீடத்துணி எத்தனையோ கோயில்களில் விரிந்து கிடக்கிறது. ஆயர்களின் அங்கி விளிம்பில் அவள் பின்னல் இருக்கிறது. எதிலும் அவள் பெயர் இல்லை. ஆண்டவருக்குச் செய்ததற்குப் பெயர் எதற்கு என்று மடத்துத் தலைவி சொன்னபோது, அது நியாயம் என்றே அவளுக்கும் பட்டது. ஆனால் கப்பல் ஆண்டவருக்குச் செய்ததன்று. ஓரம் அழகுபடுத்தும் வேலையுமன்று. கயிறு இல்லாவிட்டால் மரம் நிற்காது, பாய் விரியாது, அது கப்பலே ஆகாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, தன் கைவேலை ஒரு பொருளின் விளிம்பாக இல்லாமல் அந்தப் பொருளாகவே இருக்கப்போகிறது. அதன்மேல் தன் பெயர் இருக்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வேலை தொடங்கியது. படத்தில் கண்ட ஒவ்வொரு கயிற்றையும் அவள் குரோஷா ஊசியால் முறுக்கி எடுத்தாள். மாலுமிகள் ஏறும் கயிற்றேணிகளைப் பின்னினாள். பக்கக் கயிறுகளை இழுத்துக் கட்டுவதற்குத் துளையுள்ள வட்டக்கட்டைகள் வேண்டியிருந்தன. அகஸ்டினின் சட்டைப் பொத்தான்கள் பொருத்தமாக இருந்தன. அதுமுதல் அவன் ஊக்குகள் குத்திய சட்டையோடு துறைமுகத்துக்குப் போய்வந்தான்.

படத்தில் இல்லாத ஒன்றையும் அவள் சேர்த்தாள். சண்டை வேளையில் குண்டுபட்டு மேலே முறியும் கட்டைகள் ஆட்களின் தலையில் விழாதபடி மேல்தளத்துக்கு மேலே வலை கட்டுவது பழைய போர்க்கப்பல்களின் வழக்கம் என்று பள்ளிக்கூடத்து நூலகத்தில் படித்திருந்தாள். அப்படி ஒரு வலையைப் பின்னி, மரத்துக்கு மரம் விரித்துக் கட்டினாள்.

"படத்துல வலை இல்லையே," என்றான் அகஸ்டின்.

"படம் வரைஞ்சப்போ சண்டை இல்லே. என் கப்பல் சண்டைக்குப் போகுது."

"என் கப்பல்னு எப்பலேருந்து?"

"நம்ம கப்பல். சரியா? தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிறே."

எல்லாம் முடிந்தபின், லேஸ்காரி செய்வதையே அவளும் செய்தாள். பின்னிய எதையும் கஞ்சி தோய்க்காமல் விடுவது அந்தத் தொழிலில் கிடையாது. ரேஷன் அரிசியைக் குழைய வடித்துக் கஞ்சி எடுத்து, கோழியிறகால் கயிறு கயிறாகத் தடவினாள். கயிறுகள் வீணைத் தந்திபோல விறைத்து நின்றன. அகஸ்டின் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்து மகிழ்ந்தான்.

ஐப்பசி மழை பிடித்தது. சந்தில் தண்ணீர் ஏறியதும் சாக்கடைக் கரப்பான்கள் வீட்டுக்குள் குடிபுகுந்தன. ஒரு காலையில் மர்சலின் கூடத்துக்கு வந்தபோது நடுமரத்தின் ஏணிகளைக் காணோம். பெரிய பாயில் கை நுழையும் அளவு ஓட்டைகள். வலை இருந்த இடத்தில் இரண்டு நூல்கள் ஆடிக்கொண்டிருந்தன. எந்த எதிரியும் தொடாத போர்க்கப்பலை அரிசி வாசனைக்கு வந்த கரப்பான்கள் தின்று தீர்த்திருந்தன.

அகஸ்டின் வந்து பார்த்தான். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுங்க மேல என்ன தப்பு பாப்பா? நீதானே இலை போட்டுப் பரிமாறினே."

அவள் கையில் கோழியிறகுதான் இருந்தது. அதனால் அவன் பிழைத்தான்.

மிச்சத்தை அறுத்தெறிந்துவிட்டு, அன்றே டிராம் ஏறி இராயப்பேட்டைக்குப் போனாள். நல்ல நூல் கிடைப்பது அரிதாயிருந்த காலம். காற்றாடி நூல் விற்கும் குலாம் முகம்மதுவின் கடையில்தான் இறுக முறுக்கிய மெல்லிய நூல் இருந்தது.

"இன்னா டீச்சரம்மா, மழைக்காலத்துல காத்தாடியா? நனைஞ்சா வவ்வாலு மாரி தொங்கும்மா," என்றார் குலாம் முகம்மது.

"காத்தாடி இல்லே பாய். கப்பலுக்கு."

"கப்பலுக்கு நூலா? யா அல்லா! துறைமுகத்துல கயிறு கூடவா ரேஷன் பண்ட்டானுங்க?"

"கண்ணாடித்தூள் மாஞ்சா போடாத நூல் குடுங்க. எல்லாம் வேணும்."

"மாஞ்சா போட்டதே எடுத்துக்குங்க. எதிரிக் கப்பலு பக்கத்துல வந்தா கயிற அறுத்துட்டு வரும்."

அந்த ஒரு சிரிப்போடு அவள் வீடு திரும்பினாள். இம்முறையும் கஞ்சி போட்டாள். கஞ்சி போடாத பின்னலைப் பின்னல் என்று ஒப்புக்கொள்ள அவளால் ஆகாது. ஆனால் பூச்சி அண்டாதிருக்கப் புத்தகம் ஒட்டும் பசையில் சேர்ப்பதுபோல மயில்துத்தத்தைப் பொடித்துச் சேர்த்தாள். கரப்பான்கள் வந்தன, மீசையை ஆட்டின, விலகிப்போயின. கயிறும் பாயும் வலையும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு நீலம் பாய்ந்து நின்றன. கப்பல் இப்போது உண்மையிலேயே எங்கோ புறப்படப் போவதுபோல் இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. வகுப்பில் நிற்க முடியவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை.

கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் பொருட்காட்சிக் குழுவின் காரியதரிசி ஸ்ரீனிவாசராகவன் வீட்டுக்கே வந்தார். மயிலாப்பூர் மாடவீதிக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர், நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் சுற்றினார்.

"பேஷ்! மரவேலையிலே இதுக்கு மேலே ஒண்ணு வரப்போறதில்லே. பேரைச் சொல்லுங்கோ, சீட்டு எழுதிடலாம்."

அகஸ்டின் தொண்டையைச் செருமினான். "அகஸ்டின், மர்சலின். ரெண்டு பேர் சார். கயிறு, பாய், வலையெல்லாம் தங்கச்சி வேலை."

காரியதரிசி பேனாவை நிறுத்தினார். "ஒரு பொருளுக்கு ஒருத்தர் பேர்தான் ஸார். தவிர, நூல் வேலையெல்லாம் பெண்கள் கொட்டகை. விதி அப்படி." அச்சிட்ட விதித்தாளை நீட்டினார். அதில் எழுவாய்க்குப் பயனிலையே கிடையாது. ஆனாலும் அது விதி.

"கயிறு கப்பல்லே இருக்கு சார். கொட்டகையிலே இல்லே," என்றாள் மர்சலின்.

"அம்மா, கோவிச்சுக்கப்படாது. எங்காத்துலே நான் வீடு கட்டினேன். வாசல்லே அவ தினம் கோலம் போடறா, நன்னாவே போடறா. கதவிலே யார் பேர் மாட்டியிருக்கு?"

"உங்க வீடு கோலம் இல்லாம நிக்கும் சார். இந்தக் கப்பல் கயிறு இல்லாம நகராது."

"இது எங்கேம்மா நகரப்போறது? கண்ணாடிப் பெட்டிக்குள்ளேதானே உக்காரப்போறது!" என்று அவர் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார். பிறகு அகஸ்டினைப் பார்த்தார். "எழுதட்டுமா ஸார்? இல்லே, வேண்டாமா?"

அகஸ்டின் கப்பலைப் பார்த்தான். ஊக்கு குத்திய சட்டையோடும் ஊறிப்போன விரல்களோடும் அவன் கழித்த ஆண்டுகள் அத்தனையும் அந்த மேசைமேல் நின்றன. தங்கையைப் பார்க்காமலே சொன்னான்:

"எழுதுங்க சார்."

மர்சலின் காப்பித் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

கடற்கரை மணலில் தெற்கே நடந்தாள். அடையாற்று முகம்வரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். காலுக்கு ஓய்வு கொடுத்தால் நெஞ்சு பேசத் தொடங்கிவிடும் என்று பயந்தவளைப்போல நடந்தாள். அண்ணன் செய்தது திருட்டா? இல்லை. அவன் அவள் பெயரைச் சொல்லத்தான் செய்தான். மறுப்பு வந்ததும் கீழே போட்டுவிட்டான், கை சுட்ட பாத்திரத்தைப் போடுவதுபோல. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. விதி என்ன சொன்னது? நூல் வேலை பெண்கள் கொட்டகைக்கு. சரி. கணவாய் மீன் நாற்றமடித்த மணலில் மீனவர்கள் கழி நட்டு வலை காயப்போட்டிருந்தார்கள். உப்பேறிய பழைய வலை ஒன்று, பிடிப்பார் இல்லாமலே, வயிறு புடைத்த வடிவத்தில் விறைத்து நின்றது. அவள் நடை முதன்முறையாக நின்றது.

விடுமுறை நாட்கள். அகஸ்டின் வேலைக்குப் போயிருந்த பகல்களில் அவள் காரியத்தை முடித்தாள். பள்ளிக்கூடத்துப் பெரிய பூவேலைச் சட்டத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். கயிறுகளுக்கு மீண்டும் ஒருமுறை மயில்துத்தக் கஞ்சியைக் கெட்டியாகக் கொடுத்தாள். காய்ந்தபின், பொத்தான்களை அவிழ்த்தெடுத்து, மரங்களோடு கயிறுகளைக் கப்பலிலிருந்து தூக்கி, மேல்முனைகளைச் சட்டத்தின் மேற்கட்டையிலும் கீழ்முனைகளைக் கீழ்க்கட்டையிலும் நூலிட்டுக் கட்டினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, வளையத்திலிருந்து விரலை எடுப்பதுபோல, குறுக்குக்கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள். கடைசியாக மூன்று மரங்களையும் உருவி, கப்பலில் பழையபடி நட்டாள். விறைத்த கயிறும் பாயும் வலையும் அப்படியே நின்றன. நடுவில் கப்பல் இல்லை; கப்பல் இருந்த இடம் மட்டும் இருந்தது.

அகஸ்டின் மாலையில் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். மேசைமேல் அவனுடைய கப்பல், கோடையில் இருந்தபடியே, மொட்டை மரங்களோடு நின்றது.

"அடிப்பாவி! என்ன பண்ணிட்டே?"

"என் பங்கை எடுத்துக்கிட்டேன். உன் மரத்துல ஒரு கீறல் இருந்தாக் காட்டு, பாப்போம்."

அவன் குனிந்து தேடினான். கீறல் இல்லை. "பொத்தானாவது என்னுது," என்றான்.

"ஜன்னல்ல கிண்ணத்துல போட்டிருக்கேன். தெச்சுக்கோ."

"பரிசு போயிடும் பாப்பா! கயிறு இல்லாத கப்பலுக்கு எவன் பரிசு குடுப்பான்?"

"கயிறு இல்லாம அது கப்பல் இல்லேன்னு இப்போ நீ சொல்றே. அன்னிக்கு அந்த மனுஷன்கிட்டே சொல்லியிருக்கலாமே அண்ணே."

அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. புத்தாண்டுப் பூசைக்கு ஒரே தெருவில் முன்னும் பின்னுமாகப் போனார்கள்.

சீட்டு எழுதியாகிவிட்டதால் மொட்டைக் கப்பலை ஏற்றுக்கொள்ளாமலிருக்கக் குழுவால் முடியவில்லை. விதிப்படி வந்த நூல் வேலையையும் தள்ள முடியவில்லை. மரவேலைக் கொட்டகையில் 'திரு. அகஸ்டின் - போர்க்கப்பல்' என்று எழுதி ஒட்டினார்கள். பெண்கள் கொட்டகையில் 'செல்வி மர்சலின் - லேஸ், அலங்கார வகை' என்று ஒட்டினார்கள். அலங்காரமாம்!

திறப்புநாள் காலையில், சாமான் தூக்கும் கபாலி பூவேலைச் சட்டத்தை இறக்கி வைத்துவிட்டு, தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு அதன் முன்னால் நின்றான்.

"இன்னாம்மா இது? கப்பலோட ஆவியா?"

"ஆவி இல்லேப்பா. கயிறு."

"அப்ப கப்பல் எங்க கீது?"

"ஆம்பளைங்க கொட்டகையிலே."

"கயித்த இங்க வுட்டுட்டு அது மட்டும் அங்க இன்னா பண்ணிக்கினு கீது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்றாள் மர்சலின்.

கூட்டம் வரத் தொடங்கியது. மாவரைக்கும் இயந்திரத்தையும் சோப்புக் கடையையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் சட்டத்தின் முன்னே நின்றார்கள். சிலர் குனிந்து அடியில் பார்த்தார்கள், கப்பல் எங்கேனும் விழுந்துகிடக்கிறதோ என்று. ஒரு பெண் கையை நீட்டி, பாய்களுக்கு நடுவேயிருந்த வெற்றிடத்தைத் தொடப்போனாள். மர்சலினால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. புகழ்ந்தவர்களும் அவளை வாட்டினார்கள். "எவ்வளவு நயமான லேஸ்!" என்றார்கள். லேஸ்! முந்தானை நுனி அவள் கையில் முடிச்சு முடிச்சாகச் சுருண்டது. தான் செய்தது வெறும் பிடிவாதமோ, கப்பலும் போய்ப் பெயரும் போயிற்றோ என்று அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

பிற்பகலில் நிலைமை மாறியது. வருகிறவர்கள் புதிதாக ஒன்று சொன்னார்கள். "மீதி இங்கேதான் இருக்குன்னு அங்கே ஒருத்தர் அனுப்பினார்."

"யாரு?"

"சட்டையிலே ஊக்குக் குத்தியிருந்தாரே, அவர்."

அவள் திடலைக் கடந்து மரவேலைக் கொட்டகையின் வாசலுக்குப் போனாள். உள்ளே அகஸ்டின் ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குரலில் கூவிக்கொண்டிருந்தான்.

"இது பாதிதாங்க! பாதியைப் பார்த்துட்டு முழுசும் பார்த்தேன்னு வீட்டுக்குப் போகாதீங்க! பெண்கள் கொட்டகைக்குப் போங்க. இந்தக் கப்பலை நிக்கவெச்சவ அங்கே இருக்கா. பேரு மர்சலின்!"

ஸ்ரீனிவாசராகவன் வியர்க்க விறுவிறுக்க வந்தார். "என்ன ஸார் இது, மூர்மார்க்கெட் ஏலம் மாதிரி சத்தம்? கீழே இறங்குங்கோ!"

"சீட்டை மாத்துங்க சார், இறங்கறேன். ரெண்டு பேரையும் எழுதுங்க. கயிறைத் திரும்பக் கட்டிடறோம்."

"அண்ணாவும் தங்கையும் ரகளை பண்ணினா விதியை மாத்திடறதா? பொதுஜனம் யாராவது வாயைத் திறந்து கேட்டாளா? கேக்கட்டும், குழுவிலே வெச்சுப் பார்க்கறேன். ஒருத்தரும் கேக்கலே. எல்லாரும் பார்த்துண்டு பேசாமத்தானே போறா!"

அந்த ஒன்று மட்டும் உண்மை. கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேசாமல் நகர்ந்தார்கள்.

அகஸ்டின் முக்காலியிலிருந்து இறங்கினான். வாசலில் நின்ற தங்கையைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"தொண்டை கட்டிப்போச்சு பாப்பா."

"தண்ணி குடி. நாளைக்கும் கத்தணும்," என்றாள் மர்சலின். அவன் சட்டையில் வாயைத் திறந்துகொண்டு நின்ற ஊக்கைப் பூட்டிவிட்டு, திரும்பவும் திடலைக் கடந்து தன் கொட்டகைக்கு விரைந்தாள். இருக்கை கொள்ளாமல் அவள் இன்னமும் அங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறாள்.

பொருட்காட்சி பொங்கல்வரை நடக்கும். இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதனால் யாருக்கும் பயனில்லை. நீங்கள் போகவேண்டும். மரவேலைக் கொட்டகையில் அந்த மொட்டைக் கப்பலின் முன்னே நின்று, "இதன் கயிறு எங்கே?" என்று உரக்கக் கேளுங்கள். பெண்கள் கொட்டகையில் அந்த நீலக் கயிறுகளின் முன்னே நின்று, "இதன் கப்பல் எங்கே?" என்று அதைவிட உரக்கக் கேளுங்கள். காரியதரிசியை அழைத்து, இரண்டு பெயரையும் ஒரே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதும்வரை, நீங்கள் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.